வில்லையின் தோற்றமும் பொருளின் மெய்யளவும்

மோகனூர்க் காவிரிப் படுகையில் விளையும் வாழைக்காய் ஒன்றை எடுத்து, ஒரு முறை குறுக்கே நேராகவும், மறுமுறை சரிவாகவும் நறுக்கிப் பாருங்கள். நேராக நறுக்கிய வில்லை ஏறக்குறைய வட்டமாக இருக்கும். சரிவாக நறுக்கியது நீண்டு முட்டை வடிவம் கொள்ளும். காய் ஒன்றே, கத்தியும் ஒன்றே. ஆயினும் வில்லைகளின் பரப்பு வேறுபடுகிறது. முழுக் காயைக் கண்ணால் கண்ட நாம் இதில் ஏமாறுவதில்லை. ஆனால் முழுப் பொருளை ஒருபோதும் காண இயலாமல், வில்லையை மட்டுமே கண்டு பொருளின் பருமனைச் சொல்ல வேண்டியவர் என்ன செய்வார்?

இக்கேள்வி வேடிக்கைக்காக எழுப்பப்பட்டதன்று. நுண்நோக்கியின் கீழ் வைக்கப்படும் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை மெல்லிய வில்லைகளே. பருத்தி இழை, கரும்பின் தண்டு, பாறை, மனித மூளை ஆகிய யாவும் அறுக்கப்பட்டு வில்லையாக்கப்பட்ட பின்னரே உள்ளமைப்பைக் காட்டுகின்றன. வில்லை தட்டையானது; பொருளோ திரண்டது. தட்டையானதிலிருந்து திரண்டதை அளந்தறியும் முறை தனி ஒரு விஞ்ஞானமாகவே வளர்ந்துள்ளது. 1961-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியிலுள்ள ஃபெல்ட்பர்க்கில் ஹன்ஸ் எலியாஸ் என்பாரும் அவருடைய தோழர்களும் கூடி, அதற்கு 'ஸ்டீரியாலஜி' என்று பெயர் சூட்டிச் சர்வதேசச் சங்கமும் அமைத்தனர். உடற்கூற்று நிபுணர்களும், பாறை ஆராய்ச்சியாளர்களும், உலோக நிபுணர்களும் தத்தம் துறையில் தனித்தனியே ஒரே சிக்கலுடன் போராடி வந்ததை உணர்ந்து ஒன்றுகூடிய சங்கம் அது. பொதுவான இடர்ப்பாட்டைக் கூட்டாகத் தீர்ப்பது கூட்டுறவாளர்களாகிய நமக்குப் புதிதன்று.

நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். பருத்தியின் விலையும், நூலின் தரமும், துணியில் சாயம் ஏறும் ஒழுங்கும் ஓர் இழையின் குறுக்குவெட்டில் அடங்கியுள்ளன என்பதே விடை. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழை முதிரும் விதம்

பருத்தி இழை என்பது விதையின் மேல்தோலில் எழும் ஒரே ஓர் உயிரணு. பூ மலர்ந்த நாள்தொட்டு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு அது நீளமாக வளர்கிறது. அப்போது அது மெல்லிய தோலால் ஆன நீண்ட குழாய் போன்றது. பின்னர் நீட்சி ஓய்ந்து, உட்புறத்தில் செல்லுலோஸ் படலம் படலமாகப் படிந்து சுவர் தடிக்கத் தொடங்குகிறது. காய் வெடிக்கும் வரை இந்தப் படிவு நடைபெறும். வெடித்தவுடன் நீர் வற்றிக் குழாய் ஒடுங்கி, முறுக்கிய நாடா போலாகிறது. நூற்பவர் கையில் ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக்கொள்வது இந்த முறுக்கினாலேயே ஆகும்.

சுவர் நன்கு தடித்த இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அவரை விதை போன்ற உருவமும், நடுவில் சிறு கோடாக உள்துளையும் தெரியும். நோயாலோ, வறட்சியாலோ, பூச்சியாலோ, முன்கூட்டியே பறித்ததாலோ சுவர் தடிக்காமற்போன இழை, மடங்கிய காகிதம் போல மெலிந்து காணப்படும். நெல்லில் சாவி எப்படியோ, பருத்தியில் முதிராத இழை அப்படி. உமி உண்டு, அரிசி இல்லை.

இச்சாவி இழைகள் நூற்பில் எளிதில் சிக்கிச் சிறு முடிச்சுகளாகின்றன. ஆலைகளில் இவற்றை 'நெப்' என்பார்கள். இம்முடிச்சுகளில் சாயம் வெளிறித் தோன்றும். கருநீலப் புடவையில் வெண்பொட்டுகளாக அவை தெரியும்போது, சாயம் போட்டவரையும் தறியில் அமர்ந்தவரையும் குறை கூறுகிறோம். உண்மையில் அக்குறை துணி நெய்யப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே காட்டில் தோன்றியதாகும்.

நூலின் வலிமையும் இங்கேதான் இருக்கிறது. 40-ஆம் எண் நூல் ஒரு கிலோமீட்டர் நீளம் ஏறக்குறைய 14.8 கிராம் எடையுள்ளது. நடுத்தரப் பருத்தியின் ஓர் இழை அதே நீளத்திற்கு ஏறக்குறைய 0.15 கிராம் எடை பெறும். வகுத்துப் பார்த்தால், அந்நூலை எங்கே வெட்டினாலும் குறுக்குவெட்டில் சராசரியாக நூறு இழைகளே இருக்கும் என்பது புலனாகும். நூறு பேர் சேர்ந்து இழுக்கும் தேரில் இருபது பேர் வெறுமனே வடத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால் பாரம் மற்ற எண்பது பேர்மேல் விழும் அல்லவா? முதிராத இழைகள் அவ்வாறு நிற்பவை.

காற்று சொல்லும் எண்

இழையின் முதிர்ச்சியை அறிய இன்று சந்தையில் பரவலாக வழங்குவது 'மைக்ரோனேர்' எண். குறிப்பிட்ட எடையுள்ள பஞ்சைச் சிறு குழிக்குள் அடைத்து அதனூடே காற்றைச் செலுத்தி, காற்று எவ்வளவு தாராளமாகச் செல்கிறது என்று பார்ப்பார்கள். எண் குறைந்தால் இழை மெல்லியது, அல்லது முதிராதது. இந்த 'அல்லது' என்னும் சொல்லில்தான் விவசாயியின் நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

காற்றுக்குத் தெரிவது இழைகளின் புறப்பரப்பு மட்டுமே. கணக்குக்காக இரண்டு இழைகளை எடுத்துக்கொள்வோம். முதல் இழையின் சுற்றளவு 44 மைக்ரான். சுவரின் பரப்பு 88 சதுர மைக்ரான். இரண்டாவதன் சுற்றளவு 60 மைக்ரான். சுவரின் பரப்பு 120 சதுர மைக்ரான். (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இரண்டிலும் சுற்றளவு பரப்பில் சரிபாதி. ஆகவே காற்று இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே மதிக்கும்.

குறுக்குவெட்டு அவ்வாறு மதிப்பதில்லை. இங்கிலாந்தில் பியர்ஸ், லார்ட் என்னும் இருவர் 1939-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பின் நிலைபெற்ற ஓர் அளவை உண்டு. இழையின் சுற்றளவை முழு வட்டமாக்கினால் எவ்வளவு பரப்பு கிடைக்குமோ, அதில் எத்தனை பங்கைச் சுவர் நிரப்புகிறது என்பதே அது. முழுவதும் நிரம்பினால் 1. நன்கு முதிர்ந்த பருத்திக்கு 0.577 என்பது நிலையான அளவாகக் கொள்ளப்படுகிறது. நம் முதல் இழைக்கு இக்கணக்கு 0.57, இரண்டாவதற்கு 0.42. எனவே முதலாவது முழு முதிர்ச்சியுடைய மெல்லிழை. இரண்டாவது முதிராத தடித்த இழை. காற்று ஒன்றென்று சொன்ன இரண்டும் அடிப்படையில் வேறானவை.

சுற்றளவு பெரும்பாலும் இனத்தின் குணம், விதையோடு வருவது. சுவரின் தடிப்போ நீர், உரம், வெயில், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றின் பயன். கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் ஆகிய இரண்டையும் ஒட்டி உருவாக்கப்பட்டு 1974-இல் வெளிவந்த 'சுவின்' போன்ற மிக நீண்ட மெல்லிழைப் பருத்திக்கு மைக்ரோனேர் எண் இயல்பாகவே குறைவு. எண்ணை மட்டும் நம்புபவர் அதனை முதிராத பருத்தி என்று தள்ளிவிடக்கூடும். நல்ல விதையைத் தேர்ந்து பாடுபட்டவன் தண்டம் செலுத்துவதும், காற்றை ஏமாற்றிய தடித்த சாவிப் பருத்தி நல்ல விலை பெறுவதும் முறையாகுமா?

வில்லை எடுக்கும் விதம்

இழையோ மயிரினும் மெல்லியது. அதைக் குறுக்கே வெட்டுவது எப்படி? பழைய முறை எளிமையானது. நடுவில் சிறு துளையிட்ட உலோகத் தகடு ஒன்றை எடுத்து, நூல் கண்ணியால் இழைக் கற்றையைத் துளையினூடே இறுக இழுத்து, இருபுறமும் சவரக் கத்தியால் தகட்டோடு ஒட்டி அறுத்துவிட்டால், துளைக்குள் நிற்பது குறுக்குவெட்டு. அதை அப்படியே நுண்நோக்கியில் வைத்துப் பார்க்கலாம். கற்றை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே முக்கிய விதி. இழை 30 பாகை சாய்ந்து நின்றால் வெட்டின் பரப்பு 15 சதவீதம் பெருகித் தோன்றும். முதிராத இழை முதிர்ந்ததாக வேடம் போடும்.

சாய்வு தவிர்க்க முடியாதபோது செய்யவேண்டியதை வாழைக்காயே கற்பிக்கிறது. எவ்வளவு சரித்து நறுக்கினாலும் வில்லையின் நீளம்தான் கூடுகிறது, அகலம் மாறுவதில்லை. ஆகவே உருளை வடிவான எப்பொருளின் விட்டத்தையும் சாய்ந்த வெட்டில் அளக்க நேர்ந்தால், குறுகிய அகலத்தையே அளக்க வேண்டும். பருத்தி இழை நாடா வடிவானதால் இச்சலுகை அதற்கு முழுமையாகக் கிட்டாது. ஆட்டுமயிர் போன்ற உருண்டை இழைக்குப் பொருந்தும்.

வெட்டாமலே ஒருவாறு முதிர்ச்சியை அறியும் வழிகளும் உள. இழையை 18 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவிட்டால், முதிர்ந்தது உப்பிக் கோல் போலாகும். முதிராதது நாடாவாகவே கிடக்கும். உள்துளையின் அகலத்தையும் சுவரின் தடிப்பையும் ஒப்பிட்டு, முதிர்ந்தவை, அரை முதிர்ச்சியுடையவை, முதிராதவை என மூன்றாகப் பிரித்து எண்ணும் முறையை நம் நாட்டுப் பருத்திகளுக்கு ஏற்ப 1935-இல் வகுத்தளித்தவர்கள் குலாத்தியும் நசீர் அகமதும் ஆவர். இருவரும் பம்பாய் மாதுங்காவில் 1924-இல் தொடங்கப்பெற்ற பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்தவர்கள். மேலும் 1947-இல் கோல்ட்வெய்ட் என்பார் அறிவித்த சாயச் சோதனையில், சிவப்பும் பச்சையும் கலந்த ஒரே தொட்டியில் பஞ்சைக் கொதிக்கவைத்தால் முதிர்ந்த இழை சிவப்பையும், முதிராதது பச்சையையும் ஏற்கும். சாயப்பட்டறை நடத்தும் அன்பர்களுக்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டுவதில்லை.

அதே மாதுங்கா ஆராய்ச்சிக்கூடத்தில்தான், மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடைத்த துணித் துணுக்கைக் குலாத்தியும் டர்னரும் நுண்நோக்கியில் ஆராய்ந்து, அது பருத்தியே என்று 1928-இல் நிலைநாட்டினர். அதன் நூல் 34-ஆம் எண்ணை ஒத்ததென்றும் கணித்தனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நெசவாளரின் நூலுக்கும் நம் தறிநூலுக்கும் உள்ள உறவை உரைத்தது, இற்றுப்போன சில இழைகளின் தோற்றமே.

எலுமிச்சைக் கணக்கு

இழை நீண்ட பொருள். எங்கே வெட்டினாலும் வெட்டில் அகப்படும். உருண்டைப் பொருளின் கதை வேறு. உயிரணுவின் உட்கரு, மாவின் மணி, உலோகத்தில் புதைந்த துகள் ஆகியன உருண்டைகள். இவற்றைக் கத்தி எங்கே வெட்டும் என்பது நம் கையில் இல்லை. நடுவில் வெட்டினால் மெய்யான விட்டம் தெரியும். ஓரத்தில் வெட்டினால் சிறு வட்டமே தெரியும்.

நாற்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள, நல்ல உருண்டையான எலுமிச்சம்பழம் ஒன்றைச் சமதூரத்தில் பத்து இடங்களில் வெட்டுவதாகக் கொள்வோம். நடுவிலிருந்து ஒருபுறம் 2, 6, 10, 14, 18 மில்லிமீட்டர் தூரத்தில் விழும் ஐந்து வெட்டுகளின் விட்டங்கள் முறையே 39.8, 38.2, 34.6, 28.6, 17.4 மில்லிமீட்டர். மறுபுறமும் இவையே. சராசரி 31.7. வெட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போனால் சராசரி 31.4-இல் வந்து நிற்கும். அதாவது வில்லையில் தெரியும் சராசரி விட்டம் மெய்யான விட்டத்தில் 78.5 சதவீதமே. ஒரே அளவான உருண்டைகளாயின், வில்லையில் கண்ட சராசரியை 1.27-ஆல் பெருக்கினால் மெய்யளவு கிட்டும். வீட்டில் பிள்ளைகளைக் கொண்டே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். நறுக்கிய பழம் ஊறுகாய்க்கு ஆகும்.

இதற்கு மாறாக இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. எலுமிச்சையும் சுண்டைக்காயும் சம எண்ணிக்கையில் கலந்து கிடக்கும் பெட்டியினூடே ஒரு வாளைச் செலுத்தினால் எது அதிகம் வெட்டுப்படும்? எலுமிச்சையின் விட்டம் நாற்பது, சுண்டையின் விட்டம் பத்து என்றால், சுண்டைக்காய் ஒன்று வெட்டுப்படும்போது எலுமிச்சை நான்கு வெட்டுப்படும். ஆகவே வில்லையில் தனித்தனி வட்டங்கள் சிறுத்துத் தோன்றுகின்றன. அதே சமயம் பெரிய உருண்டைகள் தம் எண்ணிக்கைக்கு மிஞ்சிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இவ்விரண்டு பிழைகளும் எதிரெதிரானவை. எனினும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று நம்பியிருத்தல் தவறு. மண்ணீரலின் உருண்டைக் கணுக்களை வில்லைகளில் அளந்த உடற்கூற்று நிபுணரின் பொருட்டு, இச்சிக்கலைக் கணிதமாக வகுத்து 1925-இல் விடை தந்தவர் சுவீடன் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் விக்செல்.

வில்லையின் தடிப்பும் ஒரு வகையில் நம்மைக் குழப்பும். பத்து மைக்ரான் விட்டமுள்ள உட்கருவை ஐந்து மைக்ரான் தடித்த வில்லைகளாகச் சீவினால், ஒரே உட்கரு சராசரியாக மூன்று வில்லைகளில் தலைகாட்டும். வில்லைதோறும் எண்ணிக் கூட்டுபவர் ஒன்றை மூன்றாக எண்ணிவிடுவார். ஆகையால் விட்டத்தையும் தடிப்பையும் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் தடிப்பை வகுத்து, வரும் பின்னத்தால் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும் என்று 1946-இல் அபர்க்ராம்பி திருத்தம் கூறினார்.

கடன் பேரேடு காட்டும் வழி

இந்தச் சூழ்ச்சி நம் சங்கங்களின் பேரேட்டிலும் உண்டு. ஒரு சங்கம் மாதந்தோறும் ஒரு மாதத் தவணையில் பத்துக் கடன்களும், பன்னிரண்டு மாதத் தவணையில் பத்துக் கடன்களும் வழங்குவதாகவும், யாவும் தவணை முடிவில் முழுதாகத் தீர்வதாகவும் கொள்வோம். ஏதேனும் ஒரு நாளின் நிலுவைப் பட்டியலை எடுத்தால், அதில் குறுந்தவணைக் கடன் 10, நெடுந்தவணைக் கடன் 120 இருக்கும். அப்பட்டியலை மட்டும் கண்ட ஆய்வாளர், 'இச்சங்கம் நெடுந்தவணைக் கடனே வழங்குகிறது' என்று எழுதிவிடலாம். ஆனால் வழங்கியதோ சரிக்குச் சரி. ஒரு நாளின் பட்டியல் என்பது காலத்தினூடே செலுத்திய வாள். நீண்ட கடன் அதில் எளிதில் வெட்டுப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் நம் கணக்கர்கள் நன்கறிந்தது. இரண்டு தேதிகளின் பட்டியல்களை அருகருகே வைத்து, முந்தியதில் இல்லாமல் பிந்தியதில் புதிதாகத் தோன்றியவற்றை மட்டும் எண்ண வேண்டும். ஒரு கடன் ஓராண்டு நீடித்தாலும், ஒரு மாதம் நீடித்தாலும், அது தொடங்குவது ஒரே ஒரு முறைதான். எனவே ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே எண்ணப்படும். இடையிலே தொடங்கி இடையிலேயே முடிந்துபோவது எதுவும் இல்லாதவாறு தேதிகள் நெருங்கியிருந்தால் போதும்.

நுண்நோக்கி ஆராய்ச்சியில் இதே வழி வெளிவந்தது 1984-இல்தான். டென்மார்க் நாட்டின் குண்டர்சன், 'டி. சி. ஸ்டீரியோ' என்னும் புனைபெயரில் அதை வெளியிட்டார். அப்பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் அம்முறையின் பெயராகிய 'டைசெக்டர்' என்பது வரும். அடுத்தடுத்த இரு வில்லைகளை எடுத்து, ஒன்றில் காணப்பட்டு மற்றதில் காணப்படாதவற்றை மட்டும் எண்ணுவதே அம்முறை. உருண்டை பெரியதா, சிறியதா, கோணலானதா என்ற கவலையே இல்லை. உருவத்தைப் பற்றிய ஊகம் எதையும் வேண்டாத இம்முறை, மூளையின் நரம்பணுக்களை எண்ணும் வேலையில் பெரும் மாறுதலை விளைத்தது. இன்று சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம், கருவிலுள்ள மனித மூளையின் 5,132 வில்லைகளைப் படமாக்கி, 'தரணி' என்ற பெயரில் 2024-இல் உலக ஆராய்ச்சியாளர் யாவரும் பயன்கொள்ளத் தந்திருக்கிறது.

கட்டத்தாள் தரும் விடை

அளவைவிட விகிதமே தேவைப்படும் இடங்களும் உள. ஒரு பாறையில் இன்ன கனிமம் எத்தனை பங்கு, கரும்பில் நார்க்கற்றை எத்தனை பங்கு என்னும் வினாக்கள் அத்தகையவை. இங்கே இயற்கை நமக்குப் பெரிதும் இரங்கியிருக்கிறது. பிரெஞ்சு நாட்டுக் கனிம நிபுணர் தெலெஸ் 1847-இல் கண்டறிந்த உண்மை யாதெனில், ஒரு கூறு வில்லையின் பரப்பில் எத்தனை பங்கோ, பொருளின் கன அளவிலும் சராசரியாக அத்தனை பங்கே என்பதாம். அவர் பாறை முகத்தின் படத்தைத் தாளில் எடுத்து, வெள்ளீயத் தகட்டில் ஒட்டி, கனிமத்துக்குக் கனிமம் வெட்டி எடைபோட்டார். 1898-இல் ரோசிவால் என்பார் பரப்பை விட்டுக் கோட்டின் நீளத்தை அளந்தாலே போதும் என்றார். 1930-களில் அதுவும் வேண்டாம்; புள்ளிகளை எண்ணினாலே போதும் என்றாயிற்று.

ஜக்கார்டு தறிக்குக் கட்டத்தாளில் சித்திரம் எழுதும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாங்காய்ப் புட்டாவில் விழும் கட்டங்களை எண்ணி, மொத்தக் கட்டங்களால் வகுத்து, சரிகை எவ்வளவு செல்லும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கணித்து வருகிறார்கள். நுண்நோக்கியின் கண்ணாடியில் அதே கட்டத்தை வரைந்து, அதன் சந்திப்புப் புள்ளிகளில் எத்தனை எந்தக் கூறின்மேல் விழுகின்றன என்று எண்ணுவதே இன்று உலகெங்கும் வழங்கும் முறை.

இதற்குரிய பெருமை வாய்ந்த உதாரணம் நம் மாவட்டத்திலேயே உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் 'அனார்த்தோசைட்' என்னும் வெளிறிய பாறை காணப்படுகிறது. பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்து ஒளி ஊடுருவச் செய்து கனிம விகிதத்தைக் காண்பது பாறை ஆராய்ச்சியின் வழக்கம். இப்பாறையின் கனிம அமைப்பு சந்திரனின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பொடித்து, சந்திரயான்-2 கலத்தின் சோதனைகளுக்காகச் செயற்கைச் சந்திர மண் தயாரித்தது. நம் காட்டோரம் கிடக்கும் கல்லை நிலவின் கல்லுக்கு ஈடென்று சொல்லும் துணிவைத் தந்தது கனிம ஆராய்ச்சியே.

கரும்பின் தண்டிலும் இதே கணக்கு நடக்கும். குறுக்கே வெட்டினால் சாறு நிறைந்த மென்திசுவின் நடுவே நார்க்கற்றைகள் புள்ளிகளாகத் தெரியும். தோலை ஒட்டி அவை நெருங்கியும், நடுவே விலகியும் நிற்கும். ஆகவே நடுப்பகுதியில் மட்டும் கட்டத்தை வைப்பவர் நாரைக் குறைவாகவும், ஓரத்தில் வைப்பவர் மிகுதியாகவும் மதிப்பர். தோல்முதல் நடுவரை ஒரே ஒழுங்காகப் புள்ளிகளைப் பரப்ப வேண்டும். கன அளவின் பங்கு எடையின் பங்காகாது என்பதையும் மறக்கலாகாது. நாரின் அடர்த்தி வேறு, சாறுள்ள திசுவின் அடர்த்தி வேறு. மோகனூரிலுள்ள சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் அன்பர்கள், நார் கூடினால் பிழிவது கடினம், சர்க்கரையும் சக்கையோடு போகும் என்பதை அனுபவத்தில் அறிவார்கள். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இன ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டு நாணலையும் தடித்த கரும்பையும் இணைத்து உருவாக்கிய இனங்கள், நாணலின் உறுதியும் கரும்பின் இனிமையும் ஒருங்கே அமையுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை.

எத்தனை எண்ணினால் போதும்?

விலைக்கும் நியாயத்திற்கும் மிக நெருங்கிய வினா இதுவே. நூறு இழைகளை எண்ணி இருபது முதிராதவை என்று கண்டால், குவியல் முழுவதிலும் சரியாக 20 சதவீதம் என்று கொள்ளலாகாது. இழைகள் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்தால், மெய்யான அளவு ஏறக்குறைய 12 முதல் 28 வரை எங்கும் இருக்கலாம். நானூறு இழைகளை எண்ணி அதே 20 சதவீதம் வந்தால், இந்த இடைவெளி 16 முதல் 24 வரையாகச் சுருங்கும். உழைப்பு நான்கு மடங்கானால் ஐயம் பாதியாகக் குறையும் என்பது விதி.

திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் நடத்தும் பருத்தி ஏலம் விவசாயிக்கு எத்தகைய பாதுகாப்பு என்பதை நாம் அறிவோம். வேறோர் ஊரில், தனிக் கொள்முதலாளர் ஒருவரிடம், இரண்டு அங்கத்தினர்களின் பருத்திக்கு முதிராத இழை 20 என்றும் 24 என்றும் அறிக்கை பெற்று, இரண்டாமவருக்கு விலையைக் குறைத்திருந்ததை ஆய்வின்போது கண்டேன். எத்தனை இழைகள் எண்ணப்பட்டன என்று கேட்டதற்கு, நூறு என்று விடை வந்தது. நூறு இழைகளை வைத்துக்கொண்டு இருபதுக்கும் இருபத்து நான்குக்கும் வேறுபாடு காண எந்த நுண்நோக்கியாலும் இயலாது. அந்த விவசாயி இழந்தது ஒரு பருவத்து உழைப்பின் பங்கு. அதனை அவரிடமிருந்து பறித்தது பருத்தியின் குறை அன்று, எண்ணிக்கையின் குறை.

எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது; எடுக்கும் இடமும் தற்செயலாக அமைய வேண்டும். ஒரே பொதியின் மேற்புறத்திலிருந்து நாலாயிரம் இழைகளை எடுத்தாலும், அவை அந்த மேற்புறத்தைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். 1937-இல் வங்காளத்தில் சணல் பரப்பை மதிப்பிடப் புகுந்த மகலனோபிஸ், வயல்களைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுப்பதையே தம் வேலையின் உயிராகக் கொண்டார். பயிர் இன்ஷ்யூரன்சுக்காக இன்று நம் கிராமங்களில் நடக்கும் அறுவடைச் சோதனையும் அதே கொள்கையின்மேல் நிற்பது. சாலையோரத்துச் செழித்த வயலை அறுத்தால் நட்டஈடு போயிற்று. காய்ந்த வயலைத் தேடி அறுத்தால் நம்பிக்கை போயிற்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் ஒவ்வொரு அங்கத்தினரும் தனியே செய்துகொள்ள இயலாது. சங்கம் செய்யலாம். பருத்தி உற்பத்தியாளர் சங்கங்கள், பொதிக்குப் பொதி மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் மாதிரி எடுத்துக் கலந்து அனுப்புதல் வேண்டும். அறிக்கையில் மைக்ரோனேர் எண்ணோடு முதிர்ச்சி அளவையும் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும். எத்தனை இழைகள் எண்ணப்பட்டன என்பதையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அக்குறிப்பு இல்லாத அறிக்கையை விலைக்கு ஆதாரமாக ஏற்க வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் 1956 முதல் பணியாற்றிவரும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்கள் இத்தகைய சோதனைகளைச் செய்பவை. ஒருவர் தாங்க மாட்டாத சோதனைக் கட்டணத்தை ஐம்பது பேர் பகிர்ந்துகொண்டால் பாரம் தெரியாது.

நெசவாளர் சங்கங்கள் நூல் சிப்பம் வாங்கும்போது, எண்ணையும் வலிமையையும் மட்டுமன்றி நெப் எண்ணிக்கையையும் கேட்டறிவது நலம். சாயத்தில் வெண்பொட்டு கண்டால், நெய்தவரின் கூலியில் கைவைப்பதற்கு முன், அதே சிப்பத்திலிருந்து ஒரு கழியைச் சோதனைக்கு அனுப்பட்டும். குற்றம் எங்கே பிறந்தது என்பது தெரிந்தால் கூலியும் காப்பாற்றப்படும். நூல் தந்த ஆலையிடம் ஈடு கேட்கவும் சான்று கிடைக்கும்.

பருத்தி விளைவிப்பவர்க்கும் ஒரு சொல். கீழ்க்காய்கள் முதலில் முதிர்கின்றன, நுனிக்காய்கள் பிந்துகின்றன. வெடித்ததை அவ்வப்போது பறித்துத் தனியே வைத்து, கடைசிப் பறிப்பை முதற் பறிப்போடு கலவாமல் இருந்தால், நல்ல பருத்தி சாவியின் விலைக்குத் தாழாது. பிரித்து வைத்த குவியலுக்குத் தனித்தனி மாதிரி, தனித்தனி விலை என்று சங்கமும் ஏற்பாடு செய்துவிட்டால், அடுத்த பருவத்திலேயே பலன் கையில் தெரியும்.